ஜி1, ஜி2, ஜி: பக்கத்து இருக்கை காலியாகும் நாள்

“பெடியன் ஜி2 எடுத்திட்டான் அண்ணை. இனிக் கவலையில்லை.”

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ தமிழ்க் கடையொன்றில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருப்பீர்கள். மாதக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்த ஒரு தகப்பனின் பெருமூச்சு அது. அந்தப் பெருமூச்சில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இளம் சாரதிகளின் விபத்துகளைக் கணக்குப் பார்த்தவர்கள் நாட்காட்டியில் வட்டமிடுவது அந்த நாளைத்தான். பிள்ளை பழகிய மாதங்களைவிட, பழகி முடித்த பின் வரும் மாதங்களே அவர்களைக் கவலைப்படுத்துகின்றன. ஏன் என்று ஆறுதலாகப் பார்ப்போம். தேத்தண்ணி ஆறிவிட்டால் இன்னொன்று போடச் சொல்லலாம்.

முதலில் ஒன்ராறியோவின் படிமுறையை ஒருமுறை விரித்து வைத்துக்கொள்வோம். 16 வயது நிறைந்தவர் கண் பரிசோதனையில் தேறி, 40 கேள்விகள் கொண்ட எழுத்துச் சோதனையையும் எழுத வேண்டும். வீதிக் குறியீடுகளில் 20, விதிகளில் 20. ஒவ்வொன்றிலும் குறைந்தது 16 சரியாக இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். தேறினால் கையில் ஜி1. இனிக் கார் ஓடலாம், ஆனால் தனியே அல்ல. முழு லைசென்ஸும் குறைந்தது நான்கு வருட அனுபவமும் உள்ள ஒருவர் முன் இருக்கையில் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னுக்கு வேறு எவரும் இருக்கக்கூடாது. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஓடக்கூடாது. ஓடுபவரின் இரத்தத்தில் மது துளியும் இருக்கக்கூடாது. 401, 404, 407 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளும், கார்டினர், டொன் வலி பார்க்வே போன்ற வேகச் சாலைகளும் தடை. அரசு அனுமதி பெற்ற பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் மட்டும் அங்கே ஏறலாம்.

ஜி1 உடன் 12 மாதம் கழித்தால் வீதிச் சோதனைக்குப் போகலாம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பை முடித்தவர்களுக்கு 8 மாதம் போதும். அதில் தேறினால் ஜி2. இப்போது தனியே ஓடலாம், நெடுஞ்சாலையிலும் ஓடலாம். பிறகு குறைந்தது இன்னொரு 12 மாதம் கழித்து, நெடுஞ்சாலை ஓட்டத்தையும் பார்க்கும் இரண்டாவது வீதிச் சோதனை. அதிலும் தேறினால் முழு ஜி. எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லையேல் மறுபடி முதலிலிருந்து.

ஊரில் பிள்ளைகளுக்குக் கேணியில் நீச்சல் பழக்கியவர்கள் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். கயிற்றை ஒரேயடியாக விட்டுவிடவில்லை, பிள்ளையின் கைகால் போக்கைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தினார்கள். படிமுறை லைசென்ஸின் தத்துவம் இவ்வளவுதான். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வீதிப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் இருந்த பற்றிசியா வாலர் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்திலேயே இதை வலியுறுத்தினார். அமெரிக்கா அப்போது காது கொடுக்கவில்லை. முழு வடிவில் முதலில் நடைமுறைப்படுத்திய நாடு நியூசிலாந்து, 1987 இல். கனடாவில் முந்திக்கொண்டது ஒன்ராறியோ: 1994 ஏப்ரல் 1. அதே வருடம் நோவா ஸ்கோசியாவும் பின்தொடர்ந்தது. அமெரிக்காவில் புளோரிடா 1996 இல் தொடங்க, மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்தன.

பலன் கிடைத்ததா? ஒன்ராறியோ அரசின் முதல் மதிப்பீடு, 1993 உடன் 1995 ஐ ஒப்பிட்டு, புதிய சாரதிகளின் விபத்து வீதம் 31 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. சட்டம் ஒன்றின் பலன் இவ்வளவு விரைவில் தெரிவது அபூர்வம்.

இனி அந்தப் பெருமூச்சுக்கு வருவோம். நோவா ஸ்கோசியாவில் புதிய சாரதிகளை மாதம் மாதமாகப் பின்தொடர்ந்து, 2003 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் தெரிந்த உருவம் மனதில் நிறுத்தவேண்டியது. பக்கத்தில் பெரியவர் இருக்கும் பழகு காலத்தில் விபத்து மிகக் குறைவு. தனியே ஓடத் தொடங்கிய முதல் மாதத்தில் அது செங்குத்தாக எகிறுகிறது. பிறகு மாதத்துக்கு மாதம் இறங்கி, ஏழு மாதத்துக்குள் ஏறத்தாழ 41 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஏழு மாதத்தில் பிள்ளைக்கு வயது எவ்வளவு ஏறியிருக்கும்? மூளை எவ்வளவு முதிர்ந்திருக்கும்? பெரிதாக ஒன்றுமில்லை. வளர்ந்தது அனுபவம்தான். தனியாகத் தீர்மானம் எடுத்த அனுபவம்.

இதைக் கேட்டால் சிலர், “அப்ப பழக்கினது எல்லாம் வீணோ?” என்பார்கள். வீணில்லை. ஆனால் பழகு காலத்தில் கார் ஓடியது உண்மையில் இரண்டு பேர். பிள்ளையின் கையில் ஸ்ரியரிங், உங்கள் கையில் கண்ணும் நிதானமும். “அங்கால பார், பஸ் வெளிக்கிடுது” என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும், ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள். ஜி2 வந்த காலை அந்த வேலை முழுதும் ஒரே நேரத்தில் பிள்ளையின் தலையில் இறங்குகிறது.

அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை, வருடக்கணக்காக ஓடும் நாம் மறந்துவிட்டோம். 1972 இல் முறாண்ட், றொக்வெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சாரதிகளின் கண் எங்கே போகிறது என்று பதிவுசெய்து பார்த்தார்கள். புதியவர்களின் பார்வை காருக்கு முன்னால் கிட்டத்திலேயே நின்றது. கண்ணாடிகளையும் அவர்கள் குறைவாகவே பார்த்தார்கள். அனுபவசாலியின் பார்வை தூரத்துக்குப் போய், பக்கவாட்டில் அலைந்து, திரும்பி வந்தது. மார்க்கம் வீதியில் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே மூன்று நிரை வாகனங்கள். முதல் இரண்டு நிரையும் நின்றுவிட்டன, விளக்கு மஞ்சளாகிறது. நின்ற லொறி மூன்றாவது நிரையை மறைக்கிறது. பழைய ஆள் அந்த மறைவைக் கண்டவுடனேயே, அதற்குப் பின்னால் வரக்கூடிய காரையும் மனதில் கண்டுவிடுகிறார். புதியவருக்குத் தெரிவது நின்றுவிட்ட லொறி மட்டும். கண்ணுக்குத் தெரியாததை ஊகிக்கும் இந்தத் திறமையை எந்த வகுப்பும் பத்து மணி நேரத்தில் கொடுத்துவிடாது. பிரித்தானியாவில் 2002 முதல் லைசென்ஸ் சோதனையின் பகுதியாகக் காணொளிகளைக் காட்டி, ஆபத்து உருவாகும் கணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. இங்கும் வரலாம்.

அமெரிக்காவில் பதின்ம வயதினரின் கடும் விபத்துகளை ஆராய்ந்த பிலடெல்பியா சிறுவர் மருத்துவமனைக் குழுவொன்று, மூன்று தவறுகள் மட்டும் கிட்டத்தட்டப் பாதி விபத்துகளுக்குக் காரணம் என்று கண்டது: சுற்றிவரச் சரியாகப் பார்க்காதது, வீதியின் நிலைக்கு மீறிய வேகம், கவனச் சிதறல். குடித்துவிட்டுப் பந்தயம் ஓடும் முரட்டுப் பிள்ளைகளின் கதை பத்திரிகையில் வருகிறது. கணக்கில் பெரும்பாலும் வருவது, நல்ல பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை, பார்க்கத் தவறிய பிள்ளை. ஆகவே “எங்கட பிள்ளை அப்பிடியில்லை” என்ற ஆறுதல் இங்கே உதவாது.

அடுத்தது கூட்டாளிமார். இதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. ஒன்ராறியோவின் விதியில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

2000 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 16 வயதுச் சாரதி தனியே போகும் பயணத்தோடு ஒப்பிட்டால், ஒரு பயணியை ஏற்றிச் செல்லும்போது அந்தச் சாரதி விபத்தில் இறக்கும் அபாயம் 39 சதவீதம் கூடுகிறது. இருவரை ஏற்றினால் 86 சதவீதம். மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் 2.8 மடங்கு. 17 வயதினருக்கு இது மூன்று மடங்கையும் தாண்டுகிறது. காரில் பிள்ளைகள் சண்டை பிடிப்பதில்லை, கெட்டது எதுவும் செய்வதில்லை. சிரிக்கிறார்கள், பாட்டை மாற்றுகிறார்கள், “இந்தா இதப் பார்” என்று போனை நீட்டுகிறார்கள். தனியே இருந்தால் நிற்கும் மஞ்சள் விளக்கில், நண்பன் பக்கத்தில் இருக்கும்போது நிற்கக் கூச்சப்படுகிறார்கள். இதற்கு நேர் எதிரான இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளை 2012 இல் பார்த்தபோது, பக்கத்தில் இருப்பவர் 35 வயதோ அதற்கு மேலோ என்றால் பதின்ம வயதுச் சாரதி இறக்கும் அபாயம் 62 சதவீதம் குறைந்தது. அம்மா வாயே திறக்காமல் பக்கத்தில் இருந்தாலும் போதும் போலிருக்கிறது. அம்மா வாய் திறக்காமல் இருப்பாரா என்பது வேறு விஷயம்.

இப்போது ஒன்ராறியோவின் விதியைப் பாருங்கள். 19 வயதோ அதற்குக் கீழோ உள்ள ஜி2 சாரதி, முதல் ஆறு மாதத்தில், 19 வயதுக்கு மேற்படாத பயணி ஒருவரை மட்டுமே ஏற்றலாம். ஆறு மாதம் கழிந்தால் மூவர். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுப்பாடு இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மட்டும்! பின்னேரம் மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும், நேற்று ஜி2 எடுத்த 17 வயதுப் பெடியன் நாலு நண்பர்களை ஏற்றிக்கொண்டு எக்ளின்டன் வீதியில் போனால் சட்டம் ஒன்றும் சொல்லாது. கலிபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட புதிய சாரதி முதல் 12 மாதத்துக்கு, பெரியவர் இல்லாமல் 20 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் பகலிலும் ஏற்ற முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில், புதியவர் என்று காட்டும் பச்சை ‘என்’ அட்டை ஒட்டிய சாரதி, குடும்பத்தார் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம், எந்த நேரமானாலும். நம் மாகாணத்தில் அந்த அட்டைகூடக் கிடையாது. முன்னால் போகும் காரில் இருப்பது புதியவரா பழையவரா என்று பின்னால் வருபவருக்குத் தெரியவே வழியில்லை.

எனவே பகல் நேரத்துக்கான பயணிகள் விதியை வீட்டில்தான் போட வேண்டும். முதல் ஆறு மாதம் நண்பர்கள் யாரும் இல்லை, தம்பி தங்கையை ஏற்றலாம். சட்டம் இடம் கொடுக்கிறதே என்று பிள்ளை வாதாடும். வாதாடட்டும், காரின் சாவி உங்களுடையது.

இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளம் சாரதிகளின் உயிராபத்தான இரவு விபத்துகளில் கணிசமானவை நள்ளிரவுக்கு முன்னரே நடந்துவிடுகின்றன. நியூசிலாந்தில் இரண்டாம் படியில் உள்ளவர்கள் இரவு 10 மணிக்குப் பின் தனியே ஓடமுடியாது, கலிபோர்னியாவில் 11 மணி. ஒன்ராறியோவிலோ ஜி2 சாரதி எந்த நேரமும் ஓடலாம், நள்ளிரவுக்குப் பின் பயணிகள் எண்ணிக்கைதான் கட்டுப்பாடு. வேலை முடிந்து வரும் பிள்ளையை இரவு பத்தேகாலுக்கு நிறுத்திவைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் “சும்மா ஒரு சுத்துப் போட்டு வாறன்” என்பதற்கு 10 மணிக்குப் பிறகு இடம் கொடுக்கத் தேவையில்லை.

இனி நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த நான்கு மாதக் கழிவு.

அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பு என்றால் குறைந்தது 40 மணி நேரம். அதில் 20 மணி வகுப்பறையில், 10 மணி காரில், மிச்சம் 10 மணி வேறு வகையில். முடித்தால் காத்திருப்பு 12 மாதத்திலிருந்து 8 ஆகிறது. பெரும்பாலான காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்திலும் சலுகை தருகின்றன. இளம் ஆண் சாரதிக்கு ஒன்ராறியோவில் காப்புறுதி என்ன விலை என்று தெரிந்தவர்கள் இந்தச் சலுகைக்காக வகுப்புக்கு அனுப்புவதைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் அனுப்பத்தான் சொல்வேன். வகுப்புக்குப் போகட்டும், காப்புறுதிச் சலுகையை எடுங்கள். நான்கு மாதக் கழிவை மட்டும் எடுக்காதீர்கள்.

காரணம் இரண்டு. ஒன்ராறியோவின் அதே முதல் மதிப்பீட்டில், காலக் கழிவு எடுத்தவர்களின் விபத்து வீதம் எடுக்காதவர்களைவிட அதிகமாக இருந்தது. நோவா ஸ்கோசியாவிலும் இதே கதை. வகுப்பு பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முன்கூட்டியே தனியே வீதிக்கு வந்ததுதான் வினை. இது புதிய பாடமும் இல்லை. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டீகால்ப் என்ற இடத்தில் 16,000 க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த பெரும் பரிசோதனையில், நல்ல பயிற்சி வகுப்புகூட விபத்தை நிலையாகக் குறைத்ததாகத் தெரியவில்லை. வகுப்பு வாகனத்தைக் கையாளக் கற்றுத்தருகிறது. சோதனையில் தேற வைக்கிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நமது பேராசை.

இரண்டாவது காரணத்துக்கு ஆய்வு எதுவும் வேண்டாம், நாட்காட்டி போதும். பிறந்தநாள் மார்ச்சில் வரும் பிள்ளை மார்ச் முடிவில் ஜி1 எடுக்கிறது. எட்டு மாதம் என்றால் நவம்பர் முடிவு. கோடை முழுதும் காய்ந்த வீதி, நீண்ட பகல், அப்பாவுக்கும் நேரம். நன்றாகப் பழகிவிட்டது. சோதனையிலும் தேறிவிட்டது. அடுத்த கிழமை பனி கொட்டுகிறது. பனியில் ஒரு தடவைகூட ஓடாத பிள்ளை, பனியில் முதல் தடவையாக, முதல் தடவையாகத் தனியாகவும், இருட்டோடு காலை ஏழரைக்கு வெளிக்கிடுகிறது. 12 மாதம் என்பதில் ஒரு மாரியாவது கட்டாயம் வந்துவிடும். 8 மாதத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. கழிவு எடுத்தே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் உள்ள குடும்பங்களும் உண்டு. அப்படியானால் ஜி1 ஐ ஓகஸ்டிலோ செப்டெம்பரிலோ எடுக்க வையுங்கள், மாரி நடுவில் வந்துவிடும்.

பனி என்றதும் சிலர் சறுக்கல் பயிற்சி மைதானத்தைத் தேடிப் போவார்கள். காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு மீட்டெடுக்கும் பயிற்சி. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! நோர்வே 1979 இல் இதைப் புதிய சாரதிகளுக்குக் கட்டாயமாக்கியது. விளைவு, இளம் ஆண்களின் சறுக்கு வீதி விபத்துகள் கூடின. கற்றது கொஞ்சம், வந்த துணிச்சல் அதிகம். சறுக்கிய காரை மீட்கத் தெரியும் என்று நம்புகிறவன் சறுக்கும் வேகத்தில்தான் போவான். பனியில் பிள்ளைக்குத் தேவையானது சாகசம் இல்லை. இருபது கிலோமீற்றர் வேகத்தில், வெறும் வாகனத் தரிப்பிடத்தில், பிரேக் பிடித்தால் கார் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று கண்ணால் காண்பது. கண்டவுடன் வரும் பயம் ஆரோக்கியமானது.

சரி, எவ்வளவு பழக்கினால் போதும்? அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்கள் 2007 முதல் இளம் சாரதிகளிடம் 120 மணி நேரம் கேட்கின்றன. ஒவ்வொரு பயணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், அதில் 20 மணி இரவில். ஒன்ராறியோ ஒரு மணி நேரத்தைக்கூடக் கட்டாயமாகக் கேட்பதில்லை. காலத்தை மட்டும்தான் கேட்கிறது. ஜி1 ஐ மேசை லாச்சியில் பூட்டிவைத்துவிட்டு, சோதனைக்கு முந்திய மாதம் ஐந்து வகுப்பு எடுத்துத் தேறியவர்களை உங்களுக்கும் தெரியும். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதமும் வெறும் காத்திருப்பாகப் போய்விட்டது. 120 மணி என்பது கேட்கப் பயமாக இருந்தாலும், வருடத்தில் பிரித்தால் கிழமைக்கு இரண்டரை மணிக்கும் கீழே. கோயிலுக்கும் கடைக்கும் பிறந்தநாள் விழாவுக்கும் எப்படியும் போகத்தானே போகிறீர்கள்? சாவியைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

பழகும்போது வாயால் ஓடச் சொல்லுங்கள். பயிற்சியாளர்களில் நல்லவர்கள் செய்வது இதுதான்: பிள்ளை தான் காண்பதைச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். “பஸ் நிற்குது, ஆள் குறுக்கால வரலாம். வலப்பக்கம் சைக்கிள். முன்னுக்குப் போறவர் திரும்பப் போறார் போல.” பிள்ளை சொல்லாமல் விடுவது எதுவோ, அதுதான் பிள்ளைக்கு இன்னும் தெரியாதது. முதலில் வெட்கப்படும், பிறகு பழகிவிடும்.

வயதைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் இந்தக் கட்டுப்பாடுகள் 18 வயதோடு முடிந்துவிடுகின்றன. கட்டுப்பாடு வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளை 18 வரை பொறுத்திருந்து நேரே முழு லைசென்ஸ் எடுத்துவிடலாம். 2011 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, இறுக்கமான படிமுறை உள்ள மாநிலங்களில் 16 வயதினரின் உயிராபத்தான விபத்துகள் 26 சதவீதம் குறைவு என்றும், 18 வயதினரிடம் 12 சதவீதம் அதிகம் என்றும் கண்டது. இரண்டாவது எண்ணுக்கான காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அனுபவமில்லாமல் 18 இல் இறங்குவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலரின் ஊகம். ஒன்ராறியோவின் விதியில் நான் மனதாரப் பாராட்டும் அம்சம் இதுதான். இங்கே படிமுறை எல்லாப் புதியவருக்கும் பொது. யாழ்ப்பாணத்திலிருந்து 40 வயதில் வந்து முதன்முதலில் ஸ்ரியரிங் பிடிக்கும் அம்மாவும் ஜி1 இல்தான் தொடங்குகிறார். நெடுஞ்சாலைத் தடை அவருக்கும் உண்டு, மது கூடாது என்பதும் உண்டு. அனுபவமின்மைக்கு வயதில்லை என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி.

இந்தியாவில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 18 வயதில் இருசக்கர வண்டிக்கு எல்எல்ஆர் என்ற பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாள் கழித்து எட்டு வடிவில் ஓட்டிக் காட்டினால், அன்று மாலையே பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு எந்த நேரமும் எந்தச் சாலையிலும் போகலாம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின், 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தண்டனை கடுமைதான். பூச்சியத்துக்கும் நூறுக்கும் நடுவில் ஒரு படியும் இல்லை என்பதுதான் குறை.

இங்கே ஒன்ராறியோவில் விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புதிய சாரதி கையில் போனோடு பிடிபட்டுக் குற்றவாளியானால் அபராதத்தோடு போகாது. முதல் தடவை 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம், இரண்டாம் தடவை 90 நாள், மூன்றாம் தடவை ரத்து. ரத்து என்றால் மறுபடி எழுத்துச் சோதனையிலிருந்து. மது விஷயத்தில் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள எவருக்கும், முழு ஜி இருந்தாலும், பூச்சியம்தான் எல்லை. இன்னொன்று, உங்கள் காரைப் பிள்ளை ஓடுகிறது என்பதைக் காப்புறுதிக்காரருக்கு மறைக்காதீர்கள். கட்டணத்தில் மிச்சம்பிடித்தது விபத்தன்று எங்கே போய் நிற்கும் என்று விரிக்கத் தேவையில்லை.

கடைசியாக, அடிக்கடி கேட்கப்படும் அந்தக் கேள்வி: “ஜி1 இல நானே 401 க்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கலாமோ?” கூடாது. பயிற்சியாளரோடு மட்டும்தான். அதனால் என்ன நடக்கிறது என்றால், பல பிள்ளைகள் நெடுஞ்சாலையில் ஏறி நிரை மாறி இறங்கும் வேலையை ஜி2 எடுத்த பிறகு தனியே, சிலவேளை மழையில், முதன்முறையாகச் செய்கின்றன. சட்டம் தனியே போகலாம் என்கிறது, தனியேதான் போகவேண்டும் என்று சொல்லவில்லை. ஜி2 கிடைத்த கிழமையே, ஞாயிறு காலை வாகனங்கள் குறைந்த நேரத்தில், பிள்ளையை ஸ்ரியரிங்கில் இருத்தி, நீங்கள் பக்கத்து இருக்கையில் ஏறுங்கள். 401 இல் ஏறுங்கள், இறங்குங்கள், மறுபடி ஏறுங்கள். பிறகு இரவில் ஒருமுறை. மழையில் ஒருமுறை. முதல் பனியில் கட்டாயம் ஒருமுறை. அந்த இருக்கையை இன்னும் ஆறு மாதத்துக்கு அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள்.